ஸ்பேனர் பதில்கள்: சூப்பர்சார்ஜர் போட்ட என்ஜினுக்கு டைமிங் வைப்பது எப்படி?

என்ஜினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளும் கருவியான சூப்பர்சார்ஜர் பற்றி வந்த கடிதங்களைத் தனியாக ஒதுக்கி வைத்திருந்தேன். அவற்றில் இக்னிஷன் டைமிங் (பிளக்கில் பொறி விழும் நேரம்) சம்பந்தப்பட்டவற்றை மட்டும் இந்த முறை எடுத்துக்கொள்கிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: என்னுடையது கார்புரேட்டர் வைத்த வி8 என்ஜின். கம்ப்ரஷன் விகிதம் 8.5. முன்பு மொத்த அட்வான்ஸ் (பிஸ்டன் உச்சிக்கு எத்தனை கிராங்க் டிகிரி முன்னால் பொறி விழுகிறது என்ற கணக்கு) 36 டிகிரியில் நன்றாக ஓடியது. இப்போது ரூட்ஸ் வகை சூப்பர்சார்ஜர் போட்டிருக்கிறேன். 7 பிஎஸ்ஐ பூஸ்ட் (வெளிக்காற்றுக்கு மேலான அழுத்தம்) வருகிறது, அமுங்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் இல்லை. 36-ஐ அப்படியே விடு என்கிறார் ஒரு நண்பர். 24-ஐத் தாண்டாதே என்கிறார் இன்னொருவர். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: 24 சொன்னவர் கொஞ்சம் பயந்தவர். 36 சொன்னவர் உங்களுக்குப் புது பிஸ்டன் வாங்கித் தருவாரா என்று கேட்டுப் பாருங்கள்.

தீப்பொறி விழுந்ததும் பெட்ரோல் கலவை ஒரேயடியாக எரிந்துவிடாது. பிளக்கிலிருந்து தீ பரவ நேரம் வேண்டும். 3,000 ஆர்பிஎம்மில் கிராங்க் 30 டிகிரி சுற்ற எடுக்கும் நேரம் ஒரு நொடியில் அறுநூறில் ஒரு பங்குதான். அந்த அவகாசத்துக்குள் தீ பரவி, பிஸ்டன் உச்சியைக் கடந்து சுமார் 15 டிகிரி இறங்கியபோது அழுத்தம் உச்சத்தைத் தொட்டால் முழு பலன் கிடைக்கும். சைக்கிள் பெடல் நேர் மேலே நிற்கும்போது எவ்வளவு மிதித்தாலும் வண்டி நகராது, சற்று முன்னால் சாய்ந்த பிறகு மிதித்தால்தான் ஓடும். கிராங்குக்கும் அதே கதைதான். அதனால்தான் பிஸ்டன் உச்சிக்கு வரும் முன்பே பொறியை விடுகிறோம்.

இப்போது 7 பிஎஸ்ஐ பூஸ்டைச் சேருங்கள். வெளிக்காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் 14.7 பிஎஸ்ஐ. அதோடு ஏழைக் கூட்டினால் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. நெருக்கமாக அடைபட்ட கலவை வேகமாக எரியும், அழுத்த உச்சமும் முன்னாலேயே வந்துவிடும். ஆக, பொறி கொஞ்சம் தாமதமாக விழ வேண்டும். இது முதல் காரணம்.

இரண்டாவது காரணம்தான் என்ஜினைக் கொல்வது: சூடு. ரூட்ஸ் வகை, காற்றை அமுக்குவதில் அவ்வளவு கெட்டிக்காரத்தனம் உள்ளதல்ல. 25 டிகிரி செல்சியஸில் உள்ளே போகும் வெறும் காற்று, 7 பிஎஸ்ஐயில் 80, 90 டிகிரியாக வெளியே வரலாம். கார்புரேட்டர் மேலே உட்கார்ந்திருந்தால் பெட்ரோல் ஆவியாகி அதில் கொஞ்சத்தைத் தணிக்கும், அவ்வளவுதான். இந்தச் சூட்டோடு சிலிண்டருக்குள் போய் மேலும் அமுங்கும்போது, தீ இன்னும் எட்டாத மூலையில் இருக்கும் கலவை தானாகவே பற்றிக்கொள்கிறது. அதுதான் நாக்கிங். பூஸ்ட் இல்லாத என்ஜினில் அது பெரும்பாலும் 'டிக் டிக்' சத்தத்தோடு போய்விடும். பூஸ்டில் பிஸ்டன் ரிங் உட்காரும் வரப்பு உடையும், ஹெட் கேஸ்கெட் பிய்யும்.

சரி, எண்ணுக்கு வருவோம். இந்த அளவு பூஸ்டில் ஒரு பிஎஸ்ஐக்கு ஒரு டிகிரி குறைப்பது பழைய கைக்கணக்கு. 36-இல் 7 போனால் 29. பழைய வடிவ ஹெட் உள்ள வி8-கள் நல்ல பெட்ரோலில் 28 முதல் 30-க்குள் வந்து நிற்பதைத்தான் நானும் பார்த்து வருகிறேன். ஆனால் 29-இல் தொடங்காதீர்கள். 26-இல் தொடங்குங்கள்.

சூப்பர்சார்ஜர் இல்லாத வண்டிக்கு அந்தக் காலத்து வழி ஒன்று உண்டு: நாக்கிங் கேட்கும்வரை டிஸ்ட்ரிபியூட்டரை (பொறியைப் பிளக்குகளுக்குப் பங்கிடும் பாகம்) திருப்பு, அப்புறம் இரண்டு டிகிரி பின்னால் வா. பூஸ்ட் உள்ள என்ஜினில் அந்த வழியை மறந்துவிடுங்கள். அங்கே நீங்கள் கேட்கும் முதல் சத்தமே ரிங் வரப்பு உடையும் சத்தமாக இருக்கலாம். எப்போதும் கீழிருந்துதான் ஏற வேண்டும். 26-இல் ஓட்டிப் பார்த்து, பிளக்குகளைக் கழற்றிப் பார்த்து, எல்லாம் சுத்தமாக இருந்தால் ஒரு டிகிரி ஏற்றுங்கள். ஏற்றியதில் பவர் கூடவில்லை என்றால் ஏறியதை இறக்கிவிடுங்கள். பலன் தராத டிகிரியை வைத்துக்கொண்டு ஆபத்தை மட்டும் சுமப்பானேன்?

இன்னொன்று. மொத்தத்தை 26 ஆக்குகிறேன் என்று டிஸ்ட்ரிபியூட்டரை அப்படியே பத்து டிகிரி பின்னால் திருப்பிவிடாதீர்கள். ஐடிலிங் டைமிங்கும் பத்து டிகிரி இறங்கி, என்ஜின் சூடாகி முனகும். ஐடிலிங்கில் பூஸ்ட் கிடையாது, அங்கே 12 டிகிரியாவது இருக்கட்டும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருந்து, வேகம் கூடக் கூட அட்வான்ஸை ஏற்றும் எடைகளின் ஓட்டத்தை 14 டிகிரிக்குக் கட்டுப்படுத்துங்கள். 12-ம் 14-ம் சேர்ந்து 26. டிஸ்ட்ரிபியூட்டர் கிராங்கில் பாதி வேகத்தில் சுற்றுவதால் உள்ளே 7 என்று பொறித்திருந்தால் கிராங்கில் அது 14. இந்தப் பாதி, இரட்டிப்புக் குழப்பத்தில் விழுந்தவர்கள் நிறைய. அந்த எடைகளை இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங்குகளை ரொம்ப மெல்லியதாகப் போட வேண்டாம். ரூட்ஸ் வகை கீழ் ஆர்பிஎம்மிலேயே பூஸ்ட் தருவதால், முழு அட்வான்ஸ் 3,000 ஆர்பிஎம்மை ஒட்டி வந்தால் போதும்.

கேள்வி: டைமிங் லைட்டில் (பொறி விழும்போது மின்னி, கிராங்க் குறியைக் காட்டும் விளக்கு) 28 தெளிவாகக் காட்டுகிறது. ஆனாலும் பிளக் போர்சலினில் பளபளக்கும் புள்ளிகள். லைட் பொய் சொல்லுமா?

பதில்: லைட்டும் சொல்லும், குறியும் சொல்லும். எனக்கு முதல் சந்தேகம் குறியின் மேல்தான். கிராங்க் முன்னால் இருக்கும் டாம்பரில் உள் வளையத்துக்கும் வெளி வளையத்துக்கும் நடுவே ரப்பர் இருக்கிறது. பழசானால் வெளி வளையம் நழுவும், அதில் பொறித்த குறியும் கூடவே நகரும். 28 என்று காட்டுவது நிஜத்தில் 34 ஆக இருந்தால் உங்கள் பளபளப் புள்ளிகளுக்கு விடை கிடைத்துவிட்டது. அந்தப் பளபளப்பு பிஸ்டனின் அலுமினியம். சரிபார்க்கும்வரை பூஸ்ட் ஏற்றி ஓட்டாதீர்கள்.

சரிபார்ப்பது கஷ்டமில்லை. பேட்டரி வயரைக் கழற்றுங்கள், எல்லாப் பிளக்கையும் எடுங்கள். முதல் சிலிண்டரின் பிளக் துளையில் பிஸ்டன் ஸ்டாப்பைத் திருகுங்கள். கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் போட்டு, கையால் மெதுவாக, பிஸ்டன் முட்டும்வரை சுற்றுங்கள். முட்டியதும் டாம்பரில் ஒரு கோடு. அப்புறம் எதிர்ப் பக்கமாகச் சுற்றி, முட்டியதும் இன்னொரு கோடு. இரண்டுக்கும் சரிபாதியில் இருப்பதுதான் உண்மையான டி.டி.சி., அதாவது பிஸ்டன் உச்சிப் புள்ளி. தொழிற்சாலைக் குறி அதோடு ஒத்துப்போகாவிட்டால், நழுவிய டாம்பரை மாற்றுங்கள். நழுவியதில் புதுக் கோடு போட்டுச் சமாளித்தால் அடுத்த மாதம் அதுவும் நழுவும்.

டிகிரி டேப் ஒட்டுகிறவர்கள் விட்டத்தை அளந்து வாங்குங்கள். 200 மி.மீ. விட்டமுள்ள டாம்பரில் 30 டிகிரி என்பது விளிம்பில் சுமார் 52.4 மி.மீ. வேறு விட்டத்துக்கு அச்சடித்த டேப் என்றால் எண் தப்பாகிவிடும்.

லைட்டின் பொய்: பின்னால் குமிழ் வைத்து டிகிரியைக் கழித்துக் காட்டும் லைட்டுகள் உண்டு. ஒரே சுற்றுக்குப் பல பொறி விடும் இக்னிஷன் பெட்டியோடு சேரும்போது அவற்றில் சில குழம்பும். குமிழைப் பூஜ்யத்தில் வைத்து, டேப்பை நேராகப் படியுங்கள்.

கேள்வி: வேக்வம் அட்வான்ஸை (என்ஜினின் உறிஞ்சலைக் கொண்டு டைமிங்கைக் கூட்டும் அமைப்பு) அடைத்துவிட வேண்டுமா? மெக்கானிக் அடைக்கச் சொல்கிறார். அடைத்த பிறகு பெட்ரோல் அதிகம் குடிக்கிறது.

பதில்: குடிக்கத்தான் செய்யும். சீராக ஓடும்போது த்ராட்டில் கொஞ்சமே திறந்திருக்கும், கலவை நெருக்கமில்லாமல் மெதுவாக எரியும். அப்போது 40 டிகிரியை ஒட்டிக்கூட என்ஜின் கேட்கும். தெருவில் ஓட்டும் வண்டி பெரும்பாலான நேரம் இந்த நிலையில்தான் இருக்கிறது. அதனால் அடைக்காமல் சமாளிக்க முடிந்தால் நல்லது.

வேக்வம் குழாயை எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பதில்தான் சூட்சுமம். கார்புரேட்டர் மேலேயும் சூப்பர்சார்ஜர் கீழேயும் இருக்கும் அமைப்பில், கார்புரேட்டர் அடியில் பூஸ்ட் நேரத்திலும் கொஞ்சம் வேக்வம் இருந்துகொண்டே இருக்கும். அங்கிருந்து குழாய் எடுத்தால், டைமிங் குறைய வேண்டிய நேரத்தில் கூடுதல் டிகிரி சேர்ந்து நிற்கும். சூப்பர்சார்ஜருக்குக் கீழே, மேனிஃபோல்டிலிருந்து எடுங்கள். அங்கே பூஸ்ட் வந்ததும் வேக்வம் தானாகப் போய்விடும். பூஸ்ட் வேக்வம் டப்பாவுக்குள் போகக் கூடாது என்று நடுவில் ஒருவழி வால்வு போடும் புத்திசாலிகள் உண்டு. அந்த வால்வு வேக்வத்தையும் உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும், அட்வான்ஸ் இறங்காது. டப்பா அந்த அழுத்தத்தைத் தாங்குமா என்று கைப்பம்ப்பால் சோதியுங்கள். தாங்காது என்றால் உங்கள் மெக்கானிக் சொன்னதே சரி, அடைத்துவிடுங்கள்.

பளு ஏறும்போது கூடுதல் பெட்ரோல் விடும் கார்புரேட்டரின் பவர் வால்வும் இதே ஏமாற்றத்துக்கு ஆளாகும். மேலே வேக்வம் இருப்பதால், பூஸ்டிலும் 'சாதாரண ஓட்டம்தானே' என்று மூடியே கிடக்கும். அதற்கும் மேனிஃபோல்டிலிருந்து தனிக் குழாய் வேண்டும். டைமிங் சரியாக இருந்தும் நாக்கிங் நிற்காத வண்டிகளில் நான் முதலில் குனிந்து பார்ப்பது இதைத்தான்.

கேள்வி: 6-71 சூப்பர்சார்ஜர் என்கிறார்களே, அந்த எண்கள் எதைக் குறிக்கின்றன?

பதில்: டைமிங் கேள்வி இல்லை, ஆனாலும் பிடித்த கேள்வி. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் டூ-ஸ்ட்ரோக் டீசல் என்ஜின் வரிசையிலிருந்து வந்த பெயர்: 6 சிலிண்டர், ஒவ்வொன்றும் 71 கன அங்குலம். அந்த டீசலில் எரிந்த புகையைத் தள்ளிப் புதுக் காற்றை நிரப்ப வைத்த புளோயரைத்தான் பந்தயக்காரர்கள் கழற்றிப் பெட்ரோல் வி8 மேல் உட்கார வைத்தார்கள். அதற்கும் மூலம், 1860-இல் அமெரிக்காவின் ரூட்ஸ் சகோதரர்கள் காப்புரிமை பெற்ற காற்றடிக்கும் இயந்திரம்.

கேள்வி: சூப்பர்சார்ஜரின் இரைச்சலில் நாக்கிங் எனக்குக் கேட்பதே இல்லை. அது இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: காதை நம்பாதீர்கள், பிளக்கைப் படியுங்கள். புதுப் பிளக்குகள் போட்டு, டைனோவிலோ (பவர் அளக்கும் மேடை) மூடிய பந்தயத் தடத்திலோ ஒரே ஒரு முழு த்ராட்டில் ஓட்டம். முடிந்த கணமே கிளட்சை மிதித்து என்ஜினை அணைத்துவிடுங்கள் (ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும் அளவுக்குச் சாவியைத் திருப்பிவிடாதீர்கள்). ஐடிலிங்கில் விட்டால் கரி படிந்து படிக்க வேண்டியது மறைந்துவிடும். பூதக்கண்ணாடியால் வெள்ளைப் போர்சலினைப் பாருங்கள். மிளகுத்தூள் தூவியது போன்ற கறுப்புப் புள்ளிகள் லேசான நாக்கிங்கின் அறிகுறி. மின்னும் புள்ளிகள் இருந்தால் அன்றைக்கு அதோடு நிறுத்துங்கள்.

அடுத்து, பிளக்கின் வளைந்த கம்பியில் சூட்டால் நிறம் மாறிய எல்லை ஒன்று தெரியும். அது வளைவை ஒட்டி இருந்தால் டைமிங் ஏறக்குறைய சரி. கம்பி நுனிப் பக்கமே நின்றுவிட்டால் இன்னும் ஏற்ற இடமிருக்கிறது. மரைப் பக்கம் இறங்கிவிட்டால் அதிகம். எட்டு பிளக்கையும் பாருங்கள். எல்லா சிலிண்டருக்கும் ஒரே அளவு காற்றும் பெட்ரோலும் போவதில்லை. மோசமான சிலிண்டர் எதுவோ, அதற்கு ஏற்றபடிதான் டைமிங் வைக்க வேண்டும்.

நாக் சென்சார் போடலாமா என்றும் கேட்டிருந்தார்கள். போடலாம். 100 மி.மீ. போர் உள்ள என்ஜினில் நாக்கிங்கின் அதிர்வு சுமார் 5.7 கிலோ ஹெர்ட்ஸில் வரும். சென்சாரை அங்கே குறிவைத்துக் கேட்க வைக்க வேண்டும், இல்லையென்றால் சூப்பர்சார்ஜர் கியரின் சலசலப்பையும் நாக்கிங் என்று எண்ணிக்கொள்ளும்.

டைமிங்கைக் குறைத்தும் புள்ளிகள் போகவில்லையா? அப்படியானால் குற்றவாளி வேறு. முழு பூஸ்டில் காற்று-பெட்ரோல் விகிதம் 11.5 முதல் 12 வரை இருக்கிறதா என்று வைட்பேண்ட் மீட்டரில் பாருங்கள். 13-ஐத் தாண்டினால் டைமிங்கைக் குறைத்துக் காப்பாற்ற நினைப்பது வீண் வேலை. பிளக், பழையதைவிட ஒன்றிரண்டு படி குளிர்ந்த வகையாக இருக்க வேண்டும். சூடான பிளக் நுனி தணல் மாதிரி கனன்றால், பொறி விழும் முன்பே கலவை பற்றிக்கொள்ளும். அது நாக்கிங்கைவிடக் கொடியது, பிஸ்டன் நடுவிலேயே ஓட்டை போடும். பிளக் இடைவெளியையும் 0.8 மி.மீ. அளவுக்குக் குறையுங்கள். அழுத்தம் கூடிய கலவையில் பெரிய இடைவெளியைத் தாண்ட பொறி திணறும். அப்போது வரும் மிஸ்ஃபயரை டைமிங் கோளாறு என்று நினைத்து டிஸ்ட்ரிபியூட்டரோடு மல்லுக்கு நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: பாதுகாப்புக்காக மொத்தத்தையே 18-ஆகக் குறைத்துவிட்டேன். இப்போது எக்ஸாஸ்ட் குழாய் சிவக்கிறது, ரேடியேட்டரும் கொதிக்கிறது.

பதில்: குறைப்பதெல்லாம் பாதுகாப்பு ஆகாது. தீ தாமதமாகத் தொடங்கினால் எரிந்து முடிவதும் தாமதம். பிஸ்டனைத் தள்ள வேண்டிய சூடு எக்ஸாஸ்ட் வால்வு வழியாக வெளியேறுகிறது. 7, 8 பிஎஸ்ஐ வண்டிக்கு 18 ரொம்பக் குறைவு. 24-க்குக் கொண்டு வாருங்கள். சிவப்பு அடங்கியதும் மேலே சொன்னபடி பிளக்கைப் பார்த்து ஏறுங்கள்.

கேள்வி: பூஸ்ட் ஏறும்போது டைமிங்கைக் குறைக்கும் பூஸ்ட் ரிட்டார்ட் பெட்டி வாங்கியிருக்கிறேன். வண்டி நிற்கும்போது டைமிங் லைட்டில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. பழுதா?

பதில்: நியூட்ரலில் எவ்வளவு முறுக்கினாலும் பூஸ்ட் பெரிதாக வராது, பெட்டியும் சும்மாதான் இருக்கும். அதன் குழாயைக் கழற்றி, கைப்பம்ப்பால் 5 பிஎஸ்ஐ கொடுத்துவிட்டு லைட்டைப் பிடியுங்கள். குமிழ் ஒரு பிஎஸ்ஐக்கு ஒரு டிகிரி என்றிருந்தால் குறி 5 டிகிரி பின்னால் வர வேண்டும். நல்ல கருவிதான், 34-இல் சுகமாக ஓடி, 7 பிஎஸ்ஐயில் 27-க்கு இறங்கலாம். ஒரே கவலை அந்தச் சின்ன ரப்பர் குழாய். அது கழன்றால் முழு பூஸ்டில் 34 டிகிரி. இரண்டு முனையிலும் கிளிப் போடுங்கள்.

கேள்வி: என்னுடையது கம்ப்யூட்டர் வைத்த என்ஜின், சென்ட்ரிஃபியூகல் (வேகமாகச் சுழலும் விசிறிச் சக்கரத்தால் காற்றைத் தள்ளும் வகை) சூப்பர்சார்ஜர். 6,000 ஆர்பிஎம்மில் 8 பிஎஸ்ஐ. டைமிங் அட்டவணையை எப்படி நிரப்புவது?

பதில்: உங்களுக்கு வேலை சுலபம், கட்டத்துக்குக் கட்டம் தனி எண் போடலாம். இந்த வகையில் பூஸ்ட் ஏறக்குறைய ஆர்பிஎம்மின் வர்க்கத்தில் ஏறும். 6,000-இல் 8 என்றால் 3,000-இல் சுமார் 2 பிஎஸ்ஐதான். எனவே நடு ஆர்பிஎம்மில் பழைய எண்ணிலிருந்து அதிகம் வெட்டத் தேவையில்லை, வெட்டு மேலே போகப் போக வரட்டும். மேனிஃபோல்ட் அழுத்தம் 100 கிலோ பாஸ்கல் வரிசையில் என்ஜினுக்கு ஏற்கெனவே பழகிய எண்களை வையுங்கள். அதற்கு மேல், 7 கிலோ பாஸ்கலுக்கு, அதாவது ஒரு பிஎஸ்ஐக்கு, ஒரு டிகிரி குறைத்துக்கொண்டே போங்கள். முதல் ஓட்டத்துக்கு அதிலும் மூன்று டிகிரி கழியுங்கள். உள்ளே வரும் காற்றின் சூடு 50 டிகிரியைத் தாண்டினால் மேலும் குறைக்கும் திருத்த அட்டவணை பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் உண்டு. அதைக் காலியாக விடாதீர்கள்.

இத்தனைக்கும் முன்னால், கம்ப்யூட்டரில் டைமிங்கை ஒரே எண்ணில், 20 என்று வைத்துக்கொள்ளுங்களேன், பூட்டிவிட்டு டைமிங் லைட்டில் பாருங்கள். திரையும் டாம்பரும் ஐடிலிங்கிலும் 4,000-இலும் ஒரே 20-ஐக் காட்ட வேண்டும். ஆர்பிஎம் ஏற ஏறக் குறி நகர்ந்தால் சென்சார் தாமதத்துக்கான திருத்தம் தவறு. அதைச் சரிசெய்யாமல் நிரப்பும் அட்டவணை வெறும் கற்பனை.

கேள்வி: சின்ன புல்லி போட்டு 6 பிஎஸ்ஐயை 9 ஆக்கப் போகிறேன். டைமிங்கில் மூன்று டிகிரி குறைத்தால் போதுமா?

பதில்: போதாது. சூப்பர்சார்ஜர் வேகமாகச் சுற்றும்போது காற்றின் சூடும் கூடுகிறது. நான்கு, ஐந்து டிகிரி இறக்கித் தொடங்குங்கள். அதைவிட முக்கியம், 9 பிஎஸ்ஐக்குப் பெட்ரோல் பம்ப்பும் ஜெட்டோ இன்ஜெக்டரோ ஈடு கொடுக்குமா என்பது. முழு த்ராட்டிலில் பெட்ரோல் அழுத்தம் விழுகிறதா என்று முதலில் பழைய புல்லியோடு அளந்து பாருங்கள். இப்போதே விழுகிறது என்றால் சின்ன புல்லியை டப்பாவிலேயே வைத்துவிட்டு பம்ப் வாங்குங்கள்.